மூன்று வருடமாகப் படை என்றே நினைத்தோம்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. ரப்பர் தோட்டத்தில் மரம் சீவினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டினார், கொஞ்ச காலம் புல்லுக்கு மருந்தும் அடித்தார். மூன்று வருடமாகக் கவட்டையில், விதைப்பையின் இடது பக்கம் அரிப்பு. யாரிடமும் காட்டவில்லை. கடையில் விற்கும் கூராப் (படை) மருந்து, பிறகு கிளினிக்கில் கொடுத்த கிரீம் என்று போட்டுக்கொண்டே இருந்தார். துணி துவைக்கும்போது அவருடைய கைலியில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்து, நான்தான் பிடிவாதமாக ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சதைத் துண்டு எடுத்துப் பார்த்து, பேஜெட் நோய், ஒருவகைத் தோல் புற்றுநோய் என்கிறார்கள். அறுவைக்குத் தேதி கொடுத்தாயிற்று. அதற்கு முன் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம். தோலில் வந்ததற்குக் குடலை ஏன் பார்க்கிறார்கள்? வெயிலே படாத இடத்தில் தோல் புற்றுநோய் எப்படி வரும்? தோட்டத்தில் அடித்த மருந்தாலா? "அறுத்துப் போட்டுட்டு எப்படி மனுஷனா நடமாடுறது?" என்று அப்பா மறுக்கிறார். கத்தி வைத்தால் பரவிவிடும், நாட்டு மருந்து பார்க்கலாம் என்கிறார் மாமா. அம்மா, அப்பாவின் தட்டையும் சோப்பையும் தனியாக வைத்துவிட்டார். எங்கோ போய் வாங்கிவந்த வியாதி என்று நினைக்கிறார். வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிகிறது.

– ஒரு மகள்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். அறுவைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்தத் தட்டும் சோப்பும் இன்றைக்கே பழைய இடத்துக்குப் போயாக வேண்டும்.

இது எங்கோ போய் வாங்கிவந்த வியாதி இல்லை. உடலுறவால் தொற்றும் நோய்களின் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது. தொட்டால் ஒட்டாது. ஒரே படுக்கையில் படுத்தாலும், ஒரே சோப்பைத் தேய்த்தாலும் ஒட்டாது. மனைவிக்கும் வராது, மடியில் உட்காரும் பேரப்பிள்ளைக்கும் வராது. அப்பாவின் சொந்தத் தோலுக்குள்ளேயே சில செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகியிருக்கின்றன, அவ்வளவுதான். இதை அம்மாவிடம் நீங்கள் சொன்னால், "நீ உங்க அப்பாவுக்குப் பரிந்து பேசுற" என்று தள்ளிவிடலாம். அதனால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரிடமோ தாதியிடமோ முன்கூட்டியே காதில் போட்டுவையுங்கள். "அம்மாவுக்குத் தொற்றுமா என்று ஒரு பயம், நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். நாற்பது வருடக் குடித்தனத்தில் விழுந்த சந்தேகத்தை மகள் சொல்லி எடுப்பதைவிட, வெள்ளைக் கோட்டுப் போட்ட அந்நியர் ஒருவர் சொல்லி எடுப்பது சுலபம்.

சரி, இப்போது நோய்க்கு வருவோம். சர் ஜேம்ஸ் பேஜெட் லண்டனில் இருந்த அறுவை மருத்துவர். 1874-ல், மார்க்காம்பில் ஆறாத சொறிபோல வந்து, பிறகு மார்பகப் புற்றுநோயான பெண்களைப் பற்றி எழுதினார். அதே மாதிரிச் செல்கள் விதைப்பையிலும் ஆண்குறியிலும் வரும் என்று 1889-ல் ராட்கிளிஃப் குரோக்கர் என்ற தோல் மருத்துவர் காட்டினார். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை, மார்பகத்துக்கு வெளியே வரும் பேஜெட் நோய். ஒன்று சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் 'பேஜெட்' என்று தேடினால் எலும்பு வளையும் நோய் ஒன்றும் வந்து நிற்கும். அதையும் இதே மனிதர்தான் 1877-ல் எழுதினார். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படித்துவிட்டு அப்பாவின் முட்டியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பெயர் மட்டும்தான் ஒன்று.

வெயில் படாத இடத்தில் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தோல் புற்றுநோய் என்றாலே வெயில், வெள்ளைத் தோல் என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. வெயிலால் வருபவை நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. நம் உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் இரண்டு வகை. ஒன்று உடம்பு முழுக்க இருப்பது. இன்னொன்று, வயசுக்கு வந்த பிறகு வேலை செய்யத் தொடங்குவது. அது அக்குள், மார்க்காம்பு, கவட்டை, ஆசனவாயைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில்தான் நெருக்கமாக இருக்கும். பேஜெட் நோய் தேடிப்போய் உட்காருவதும் இதே இடங்களில்தான். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். மேலை நாடுகளில் பெண்களுக்கு, பெண்குறியைச் சுற்றி அதிகம் வருகிறது. ஜப்பான், சீனா, கொரியா பக்கமெல்லாம் ஆண்களுக்குத்தான் அதிகம். அபூர்வமான நோய்தான். ஒரு கிளினிக் டாக்டர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், கிரீம் எழுதிக் கொடுத்தவர் மேல் எல்லாக் கோபத்தையும் கொட்டிவிடாதீர்கள்.

கறுப்புத் தோலுக்குப் புற்றுநோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று இப்படி வெயில் அதிகம் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. அது வேறு நோய், அப்பாவுக்கு அது இல்லை. ஆனாலும் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே ஆயுளைக் கழித்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொன்னேன்.

தோட்டத்து மருந்தைப் பற்றி. இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. என் அப்பாவும் முதுகில் பம்ப் சுமந்து மருந்தடித்தவர். மாலையில் கால்சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா முழுவதுமாகத் தடைசெய்தது 2020-ல்தான். அதற்கு முன் எத்தனை பேர் வெறுங்கையோடு அதைக் கலக்கினார்கள்! வேலையாலும் ரசாயனத்தாலும் தோல் புற்றுநோய் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. வேலையால் வரும் புற்றுநோய் என்று உலகம் முதலில் புரிந்துகொண்டதே விதைப்பையில் வந்த ஒன்றைப் பார்த்துத்தான். லண்டனில் புகைபோக்கி துடைத்த சிறுவர்களின் உடம்பில் படிந்த கரி, அவர்கள் வளர்ந்த பிறகு அந்த இடத்தில் புற்றாக மாறியதை 1775-ல் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். குடிநீரிலோ மருந்திலோ ஆர்செனிக் நீண்ட நாள் சேர்ந்தாலும் வெயில் படாத தோலில் புற்று வரும். ஆனால் பேஜெட் நோய்க்கும் களைக்கொல்லிக்கும் தொடர்பு உண்டு என்று காட்டும் ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. மனசுக்குள் தோட்டத்துரை மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், ஆதாரம் இல்லாமல் நான் "ஆமாம்" என்று சொல்லக் கூடாது. அப்பா என்ன வேலை, எத்தனை வருடம், என்ன மருந்து என்பதை மட்டும் டாக்டரிடம் சொல்லிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, மூன்று வருடம் எப்படிப் போனது என்பது. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நான் புதிதாகத் தோல் மருத்துவம் படித்து வந்த காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியில், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் வருவார். "கத்தால் (அரிப்பு), டாக்டர்" என்பார், கால்சட்டைக்கு மேலேயே கையை வைத்துக் காட்டுவார். வெளியே நாற்பது பேர் வரிசையில் இருப்பார்கள். நான் பூஞ்சை மருந்து எழுதுவேன். ஒரு மாதம் கழித்து மறுபடி வருவார், வேறு பூஞ்சை மருந்து. எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் ஒரு மூத்த தாதி, "டாக்டர், இவரை ஒருதடவை படுக்கச் சொல்லிப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவர் கூச்சப்பட்டார் என்பது பாதி உண்மைதான், அவர் கூச்சப்பட்டது எனக்கும் சௌகரியமாக இருந்தது. பிழைத்துக்கொண்டார், நல்லவேளை. இன்றைக்கும் யாராவது கால்சட்டைக்கு மேல் கைவைத்து 'அரிப்பு' என்றால் எனக்கு அந்த மனிதரின் முகம்தான் வரும்.

என்ன பார்த்தேன் என்பதைச் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும். கவட்டையில் வரும் சாதாரணப் படை தொடையின் உள்பக்கம் வட்டமாகப் பரவும். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்துகொண்டே போகும். அனேகமாக இரண்டு பக்கமும் இருக்கும். முக்கியமான விஷயம், அது பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும். பேஜெட் நோய் அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஓரம் தெளிவாகத் தெரிய, சிவந்து, ஈரக்கசிவோடு இருக்கும். மேலே அங்கங்கே தோல் தண்ணீரில் ஊறினாற்போல வெளுத்திருக்கும். அரிக்கும், சில சமயம் எரியும். மிக மெதுவாகப் பெரிதாகும், வருடக்கணக்கில். கடையில் விற்கும் பல கிரீம்களில் ஸ்டெராய்டு கலந்திருக்கும். அதைப் போட்டால் அரிப்பும் சிவப்பும் நாலு நாள் அடங்கும், "மருந்து கேட்கிறது" என்று மனசு சமாதானமாகும், விட்டால் திரும்ப வரும். உங்கள் அப்பாவின் மூன்று வருடமும் இப்படித்தான் போயிருக்கும். கவட்டையிலோ, அக்குளிலோ, ஆசனவாய்ப் பக்கமோ உள்ள புண்ணோ சிவப்போ, ஒழுங்காக மருந்து போட்டும் ஆறு வாரத்தில் போகவில்லை என்றால், மூன்றாவது கிரீம் வாங்காதீர்கள், சதைத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்மாமார்கள் இந்த இடத்து அரிப்பை அப்பாக்களைவிடக் கெட்டியாக மறைப்பார்கள். பெண் டாக்டர் வேண்டும், ஆண் டாக்டர் வேண்டும் என்று அரசாங்கக் கிளினிக்கிலும் கேட்கலாம். கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

கத்தி வைத்தால் பரவும் என்ற மாமாவின் பேச்சுக்கு வருகிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவுக்குத் தோல் எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவதால் இந்த நோய் பரவாது. முற்றிய பிறகு, வேறு வழியில்லாமல் அறுவைக்கு வந்து, பிழைக்காமல் போனவர்களைப் பார்த்துத்தான் ஊரில் இந்தப் பேச்சு உருவாயிருக்கும் என்பது என் எண்ணம். நாட்டு மருந்தைக் குறை சொல்வது என் வேலை இல்லை. ஆனால் இந்தப் புண்ணில் அரைத்துப் பூசுவது எதுவும் தோலுக்குள் இருக்கும் செல்லைத் தேடிப் போகாது, பூசிப் பார்க்கும் ஆறு மாதம் வீணாவதுதான் மிச்சம். எரிக்கிற பச்சிலை எதையாவது போட்டுவிட்டால் அறுவைக்குப் போகிறவருக்கு எல்லை எது என்றே தெரியாமல் போகும். மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

குடலையும் சிறுநீர்ப்பையையும் ஏன் பார்க்கிறார்கள்? இந்தச் செல்கள் சிலருக்குத் தோலிலேயே பிறக்கின்றன. வேறு சிலருக்கு, கீழ்க்குடல், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் போன்ற பக்கத்து உறுப்பில் ஒளிந்திருக்கும் புற்று, தோல்வரை ஊர்ந்து வந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. விதைப்பையில் வருபவர்களைவிட ஆசனவாய்ப் பக்கம் வருபவர்களுக்குத்தான் அந்தச் சந்தேகம் அதிகம். ஆனாலும் பார்க்காமல் மேல்தோலை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புவது முட்டாள்தனம். ஈப்போ டாக்டர்கள் சரியான வழியில்தான் போகிறார்கள். கேமரா சோதனைக்கு முதல்நாள் குடிக்கக் கொடுக்கும் பேதி மருந்துதான் அப்பாவுக்குச் சிரமம். கழிவறைக்குப் பக்கத்தில் படுக்கை போட்டுக் கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். இனிப்புநீருக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆய்வறிக்கையில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. செல்கள் தோலின் மேலடுக்கிலேயே நிற்கின்றனவா, அதைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டனவா? மேலடுக்கோடு நின்றால் உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. உள்ளே இறங்கியிருந்தால் கவட்டையில் உள்ள நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) சோதிப்பார்கள், சிகிச்சையும் கூடும். நான் அறிக்கையைப் பார்க்கவில்லை, அதனால் அப்பா எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. நீங்கள் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அப்பாவின் பயம். "அறுத்துப் போட்டுட்டு" என்று அவர் சொல்லும்போது அவர் மனசில் இருப்பது என்ன என்று நமக்குத் தெரியும். மகளிடம் அதை எப்படிக் கேட்பார்? மருமகனோ, மகனோ, அவருடைய பழைய மரம் சீவும் கூட்டாளி ஒருவரோ கூடப் போய் டாக்டரிடம் நேரடியாகக் கேட்கட்டும். நோய் தோலோடு இருக்கும்போது எடுப்பது தோலைத்தான். விதைகள் உள்ளே அப்படியே இருக்கும். விதைப்பைத் தோல் இழுபடும் தோல். கொஞ்சம் எடுத்தால் மிச்சத்தை இழுத்துத் தைத்துவிடலாம். அகலமாக எடுக்க வேண்டிவந்தால் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவார்கள். சில நாள் சிறுநீருக்குக் குழாய் இருக்கலாம். இதற்குப் பிறகு அவர் பசாருக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு தொல்லையை மறைக்காமல் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பாலும் இந்தச் செல்கள் பரவி நிற்கும். அதனால் சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள், அப்படி எடுத்தும் சிலருக்கு ஓரத்தில் திரும்ப வரும். திரும்ப வந்தால் டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம், நோயின் குணம் அப்படி. வருடக்கணக்கில் போய்க் காட்ட வேண்டியிருக்கும். அறுவை தாங்க முடியாத உடம்பு என்றால் இமிகிமோட் என்ற கிரீம், கதிர்வீச்சு என்று வேறு வழிகளும் உண்டு. அந்தக் கிரீம் கடையில் கேட்டு வாங்கித் தடவும் சரக்கு இல்லை, அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

'புற்றுநோய்' என்ற சொல்லை அப்பாவிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தைப் படித்தால் வீட்டில் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. சொல்லுங்கள். இருட்டில் நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பும் அட்டையும் உள்ள காட்டுக்குள் போன மனிதர் அவர். தெரியாமல் வைத்தால்தான் வேறு எதையாவது கற்பனை செய்துகொண்டு மறுப்பார்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் பேக்கா பி40 என்ற, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி வரையும், தீபகற்ப மலேசியாவில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் கிடைக்க வழியுண்டு. ஆஸ்பத்திரியில் சமூகப்பணி அதிகாரி இருப்பார், அவரைப் பார்த்து விசாரியுங்கள். பாரம் நிரப்ப நீங்களே கூட இருங்கள்.

அறுவை முடிந்து வந்ததும் ஒரு மாதமாவது அப்பாவைக் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) உட்கார விடாதீர்கள், பின்னால்கூட வேண்டாம், தையல் விட்டுப்போகும். மறுபரிசோதனைக்கு யாருடைய காடியாவது ஏற்பாடு செய்யுங்கள். இறுக்கமான உள்ளாடை கூடாது, கைலிதான் சௌகரியம். பருத்தியில், நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆனதாக மூன்று நான்கு எடுத்துவையுங்கள். முதல் வாரம் கொஞ்சம் கறை படியும். வழக்கமான சோப்புத்தூள் போதும். வீட்டில் எல்லார் துணியோடும் சேர்த்தே ஊறவைக்கலாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.